போர்மலினில் வந்த துண்டு: வாய் மேலணியில் டி.ஐ.எப். சாயமிடல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

உடம்பின் எதிர்ப்புப் புரதமான பிறபொருளெதிரி இழையத்தில் ஒட்டியிருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்க்கும் சோதனைதான் டி.ஐ.எப். அதில் மலையகத்து ஆய்வுகூடம் ஒன்றில் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நோயாளியின் சம்மதம் பெறப்பட்டிருக்கிறது. அவரையோ வைத்தியசாலையையோ காட்டிக்கொடுக்கக் கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகச் சாயமிட்டது நான். இடையில் ஒரு பிழை விட்டதும் நானே. அதையும் அதன் இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

நோயாளி நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண், கொழுந்து பறிக்கும் தொழிலாளி. வாய்க்குள் புண் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் விற்றமின் குளிசை கொடுத்தார்கள். பிறகு பூஞ்சணம் என்று நாக்கில் விட மருந்துத் துளி கொடுத்தார்கள். வெற்றிலை போடுகிறவர் என்பதால் சுண்ணாம்பு சுட்டதாகவே வீட்டிலும் லயத்திலும் பேசிக்கொண்டார்கள், அவரும் அப்படித்தான் நம்பினார். தேங்காய் ரொட்டியும் கட்ட சம்பலும் போய், குழைந்த சோறு மட்டும் மிஞ்சியது. பிளேன்டியைக்கூட ஆறவைத்துத்தான் குடித்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார் என்று மகன் சொன்னார்.

மலைப்பக்கத்து வைத்தியசாலையில் முதலில் சந்தேகப்பட்டது புற்றுநோயை. அதில் தவறு காண முடியாது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் பதிவு செய்துவிட்டது. ஆகவே புண்ணின் நடுவிலிருந்து ஒரு துண்டு எடுத்து, வழமைபோல் போர்மலினில், அதாவது இழையம் அழுகாமல் பதப்படுத்தும் கரைசலில், போட்டு நோயியல் பிரிவுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, புண்ணின் அடித்தளம் மட்டும் தெரிகிறது, மேலணி (சவ்வை மேலே மூடியிருக்கும் கல அடுக்கு) இல்லை என்று பதில் வந்தது.

அந்த 'மேலணி இல்லை'யை அப்போது யாரும் நின்று படிக்கவில்லை. புற்றுநோய் இல்லை என்ற ஆறுதலில் அது அடிபட்டுப் போனது.

இரண்டு வாரம் கழித்து தோல் கிளினிக்கில் பார்த்த வைத்திய நிபுணர், புண்ணுக்குப் பக்கத்தில் நன்றாயிருந்த சவ்வைப் பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் தேய்த்தார். ஈரத் தாள் உரிவதுபோல் அது கழன்று வந்தது. பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற சந்தேகம் அங்கேதான் எழுந்தது.

எதைப் பார்க்கப் போகிறோம்

வாயின் மேலணிக் கலங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதற்கு டெஸ்மொசோம் எனப்படும் பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் டெஸ்மொக்ளீன் 3 என்ற புரதம் முக்கியமானது. பெம்பிகஸ் வல்காரிஸில் உடம்பே இந்தப் புரதத்துக்கு எதிராக ஐ.ஜி.ஜி. வகைப் பிறபொருளெதிரியை உண்டாக்கிக்கொள்கிறது. பிடி தளர்ந்து கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன. வாயில் டெஸ்மொக்ளீன் 3தான் பெரும்பாலும் பாரம் தாங்குகிறது. அதனால் பல நோயாளிகளுக்கு முதல் புண் வாயில்தான் வரும், தோலில் கொப்புளம் வர மாதங்கள் ஆகலாம்.

ஆக, நோயாளியின் மேலணியில் ஏற்கெனவே ஒரு பிறபொருளெதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணால் காண, மனித ஐ.ஜி.ஜி.யைப் பிடிக்கும் இன்னொரு பிறபொருளெதிரி வேண்டும். பெரும்பாலும் அது ஆட்டிலோ முயலிலோ உண்டாக்கப்பட்டது. அதன் முதுகில் எப்.ஐ.டி.சி. என்ற சாயம் ஏற்றப்பட்டிருக்கும். 495 நனோமீற்றர் அளவிலான நீல ஒளி பட்டால் அந்தச் சாயம் 520ஐ ஒட்டிய பச்சையை உமிழும். பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைக் கட்டலாம் என்று அல்பர்ட் கூன்ஸும் கூட்டாளிகளும் காட்டியது 1941இல். பெம்பிகஸ் நோயாளியின் இரத்தத்தில் மேலணிக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கிறது என்று இதே வழியில் பியூட்னரும் ஜோர்டனும் காட்டியது 1964இல். நோயாளியின் இழையத்தை நேரே சாயமிடுவது நேரடி முறை. ஆய்வுகூடத்தில் அதை டி.ஐ.எப். என்றுதான் சொல்வோம்.

இந்த முறைக்கு ஒரே ஒரு கெடுபிடி உண்டு. இழையம் பச்சையாக வர வேண்டும். போர்மலின் புரதங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப்போட்டுவிடும். ஒட்டியிருக்கும் ஐ.ஜி.ஜி.யின் உருவம் மாறிவிட்டால், அதைத் தேடி வரும் சாயமேற்றிய பிறபொருளெதிரிக்குப் பிடிக்க இடமே இருக்காது.

முதல் போத்தல்

கிளினிக் முடிந்து நாலாம் நாள் மாதிரி வந்தது. படிவத்தில் 'டி.ஐ.எப்.' என்று தெளிவாக எழுதியிருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது போர்மலின். எடுக்கப்பட்ட இடம் 'புண்' என்று மட்டும் இருந்தது.

அன்று நான் இரத்தப் பிரிவில் நின்றேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி துண்டை எடுத்து, கழுவி, உறையவைத்து, சீவி, ஐந்து சாயங்களையும் போட்டுவிட்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்கா, எல்லாம் மங்கலாப் பச்சையா இருக்கு. வலை மாதிரி ஒன்னும் இல்ல. நெகட்டிவ்தானே?"

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மஞ்சள் கலந்த மங்கல் பச்சை, சீவல் முழுக்க ஒரே சீராக. இழையத்தின் நார்களும் செங்கலங்களும் சற்றுக் கூடவே ஒளிர்ந்தன. மேலணி ஓரத்தில் ஒரு கீற்று. அதுவும் கிழிந்திருந்தது. பிறபொருளெதிரிக்குப் பதிலாக வெறும் பொஸ்பேற் தாங்கல் கரைசல் விட்ட ஸ்லைட்டைக் கேட்டேன். தம்பி அதையும் செய்து வைத்திருந்தார். சொல்லாமலே செய்திருந்தார், அது அவருக்குப் பெருமை. அந்த ஸ்லைட்டும் அதே மங்கல் பச்சைதான். சாயமே விடாத சீவலும் சாயம் விட்ட சீவலும் ஒன்றுபோல் தெரிந்தால், நாம் பார்ப்பது நோயை அல்ல. போர்மலின் பட்ட இழையம் தானாக ஒளிர்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மூன்று வழி இருந்தது. 'நெகட்டிவ்' என்று எழுதி அனுப்புவது ஒன்று. பரபின் மெழுகில் பதித்த துண்டைப் புரதம் செரிக்கும் நொதியால் பதப்படுத்தி மறைந்த இடங்களைத் திறந்து பார்ப்பது இன்னொன்று. சிறுநீரக பயோப்சியில் உறைந்த துண்டு கிடைக்காதபோது இப்படிச் செய்வதுண்டு. ஆனால் வாய்ச் சவ்வில் நாங்கள் அதைச் செய்து சரிபார்த்ததில்லை. தெரிந்த நோயாளியில் பழகாத ஒன்றைத் தெரியாத நோயாளியில் ஆரம்பிப்பது சரியில்லை என்று நினைத்தேன். மூன்றாவது, 'மதிப்பிட முடியாது, மாதிரி போர்மலினில் வந்தது, மீண்டும் அனுப்பவும்' என்று எழுதுவது. நோயியல் வைத்திய நிபுணரும் அதையே சொன்னார்.

'நெகட்டிவ்' என்ற சொல்லுக்கு நான் அவ்வளவு பயந்ததற்குக் காரணம் உண்டு. படிவத்தை வாங்கிப் படிப்பவர் போத்தலை மோந்து பார்த்தவர் அல்ல. கோப்பில் ஒருமுறை 'டி.ஐ.எப். நெகட்டிவ்' என்று ஏறிவிட்டால், அடுத்த கிளினிக்கில் பெம்பிகஸ் என்ற யோசனையே தள்ளிவைக்கப்படும். ஏற்கெனவே 'மேலணி இல்லை' என்ற வரி அப்படித்தான் தொலைந்தது.

அறிக்கை போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் வார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். பயிற்சி டொக்டர் பேசினார்.

"பரவாயில்ல மிஸ், பாத்ததப் போட்டு அனுப்புங்க. செவ்வாய்க்கிழம கிளினிக் இருக்கு."

"போடுறதுக்கு அதில ஒன்னும் மிஞ்சல டொக்டர். திரும்ப எடுக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்தம்மா வாயத் திறக்கவே அழுறாங்க மிஸ். இன்னொரு தடவ வெட்டணும்னு நான் எப்பிடிச் சொல்றது?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். போத்தலில் எதை ஊற்றி வைப்பது என்று அந்த வார்டுக்கு நாங்கள் ஒருபோதும் எழுதிக் கொடுத்ததில்லை. பயோப்சி என்றால் போர்மலின், வார்டில் இருப்பது அந்த ஒரே போத்தல்தான்.

இரண்டாம் வெட்டுக்கு முன்

தோல் நோய் வைத்திய நிபுணர் அன்று மாலையே திரும்ப அழைத்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொயிட் குளிசையான பிரெட்னிசோலோனை உடனே ஆரம்பித்துவிட்டுப் பிறகு பார்க்கலாமா என்பது அவரது யோசனை. சில நாள் குளிசையால் மேலணியில் ஒட்டிய ஐ.ஜி.ஜி. மறைந்துவிடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் இந்த நோய்க்கு மருந்து மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் ஓடும். நீரிழிவு, எலும்புத் தேய்வு, தொற்று என்று பின்விளைவும் அதிகம். நோயாளியால் தண்ணீர், கஞ்சி குடிக்க முடிகிறது, தோலில் கொப்புளம் இன்னும் இல்லை. ஆகவே மூன்று நாள் பொறுத்து, மாதிரியைச் சரியாக எடுத்துவிட்டு ஆரம்பிப்பது என்று முடிவானது. நோயாளியின் சீரத்தை வேறொரு இழையத்தில் விட்டுப் பார்க்கும் மறைமுக முறைக்காக அன்றே இரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து உறையவைக்கச் சொன்னேன்.

எங்கே வெட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. இதில் பழக்கம் ஒரு பக்கம் இழுக்கும், தேவை இன்னொரு பக்கம் இழுக்கும். புண் என்றால் புண்ணைத்தான் வெட்டத் தோன்றும். டி.ஐ.எப்.க்கு அது தவறு. புண்ணில் மேலணியே போய்விட்டது, பிறபொருளெதிரி ஒட்டிநின்ற இடமே இல்லை. மிச்சமுள்ள இறந்த கலங்களோ எந்தச் சாயத்தையும் உறிஞ்சிக்கொண்டு பொய்யாக ஒளிரும். புண்ணின் விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குள், பார்வைக்கு நல்லதாகத் தெரியும் சவ்வில் எடுக்க வேண்டும். முரசை (பல் ஈறை) விடக் கன்னத்து உட்பக்கம் வசதி. முரசில் அழற்சி எப்போதும் இருக்கும், துண்டும் உரிந்து வரும். வெற்றிலைக் கறை படிந்த இடத்தைத் தவிர்க்கச் சொன்னேன். கறை என்ன ஒளி தரும் என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை, சோதிக்கும் நேரமும் இதுவல்ல.

எதில் அனுப்புவது? இதற்கென்றே 1972இல் மிஷெல் என்பவரும் குழுவும் ஒரு கரைசலைச் சொன்னார்கள். அமோனியம் சல்பேற்று நிரம்பியது, அறை வெப்பநிலையிலேயே துண்டை நாட்கணக்கில் காக்கும். எங்களிடம் இருந்த போத்தலின் திகதி கடந்திருந்தது. பி.எச். பார்த்தேன், 7க்குக் கீழே இறங்கியிருந்தது. அதை நம்பவில்லை. மிஞ்சியது சாதாரண சேலைன். 24 மணித்தியாலத்துக்குள் சேர்ந்துவிட்டால் சேலைனே போதும். ஒட்டாமல் நிற்கும் ஐ.ஜி.ஜி.யைக் கழுவிவிடுவதால் பின்னணி குறைந்து படம் தெளிவாகவும் வரும். நேரம் தாண்டினால் இழையம் கெட ஆரம்பிக்கும். ஒருநாள் என்பது மலைநாட்டுத் தெருவில் அவ்வளவு நிச்சயமான கணக்கல்ல என்று தெரிந்தும், அதையே தெரிவு செய்தோம்.

வழி

பிற்பகல் ஒரு மணிக்கு மகன் போத்தலோடு பஸ் ஏறினார். மாலை ஐந்துக்குள் வந்துவிடுவார் என்று வார்டு மிஸ்ஸி (தாதி) தொலைபேசியில் சொன்னார். தென்மேல் பருவ மழை இரண்டு நாளாய் விடாமல் பெய்துகொண்டிருந்தது. கினிகத்தேனைப் பக்கம் மண்சரிந்து பாதை மூடப்பட்டது. இரவு பஸ்ஸிலேயே கழிந்தது. விடியலில் ஒரு பக்கம் மண் அள்ளிய பிறகு நடந்து கடந்து, அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்.

காலை ஏழு பத்துக்கு ஆய்வுகூட வாசலில் நின்றார். முழங்கால்வரை சேறு. கையில் ஐஸ் பெட்டி. திறந்தேன், ஐஸ் எல்லாம் கரைந்து வெறும் தண்ணீர். போத்தலைக் காணவில்லை. ஒரு நொடி வயிற்றைப் பிசைந்தது. அவர் சட்டைக்குள் கைவிட்டு, உருட்டிய கம்பளிக் குல்லா ஒன்றை எடுத்தார். அதற்குள் இருந்தது.

"ஐஸ்ல பட்டு ஒறஞ்சா கெட்டுப்போகும்னு மிஸ்ஸி சொன்னாங்க. அதான் குல்லாவுல சுத்தி மேலாக்க வச்சேன். ஐஸ் கரைஞ்ச பெறகு தண்ணியில நனையக்கூடாதுன்னு இங்க வச்சுக்கிட்டேங்க."

அவர் செய்தது சரி. மெதுவாக உறையும் இழையத்தில் பனித்துகள் பெரிதாக வளர்ந்து கலங்களைக் கிழித்துவிடும். அப்படி ஓட்டை விழுந்த மேலணியில் கலங்களின் எல்லையைத் தேடுவது வீண். உடம்புச் சூடு மட்டும் கொஞ்சம் கவலை தந்தது, ஆனால் சட்டைக்குள் இருந்தது கடைசி இரண்டு மணித்தியாலம்தான். போத்தலில் ஒட்டிய பிளாஸ்டரில் மிஸ்ஸி நேரம் எழுதியிருந்தார்: 10.30. இருபது மணி நாற்பது நிமிடம்.

சாயமிட்ட நாள்

நாலு மில்லிமீற்றர் துண்டு. வாய்ச் சவ்வைப் பதிப்பதில் ஒரு கண் வேண்டும். மேலணி மேலே பார்க்கவோ கீழே பார்க்கவோ கிடந்தால், சீவலில் அடுக்குகள் தெரியாமல் கலங்கள் வட்ட வட்டமாகத் தெரியும், அடித்தள மென்சவ்வு எங்கே என்று சொல்லவே முடியாது. துண்டை விளிம்பில் நிறுத்தி, உறைபசையில் பதித்து, சட்டென்று உறையவைத்தேன். உறைந்த துண்டைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட் −20 பாகையில். ஐந்து மைக்கிரோமீற்றர் தடிப்பில் சீவினேன்.

கூடவே மூன்று ஒப்பீடுகள். ஏற்கெனவே பெம்பிகஸ் என்று உறுதியான ஒருவரின் சீவல், நோயில்லாத ஒருவரின் வாய்ச் சவ்வு, நோயாளியின் சீவலில் பிறபொருளெதிரி இல்லாமல் தாங்கல் கரைசல் மட்டும். உறுதியான சீவல்கள் ஈயத்தாளில் சுற்றி உறைகுளிரில் இருந்தன. மழைக் காலத்தில் அவற்றை எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. ஈரக் காற்று பட்டதும் ஸ்லைட் முழுக்க வியர்த்துவிடும், அந்தத் தண்ணீரில் சீவல் கலங்கி உரியும். தாளோடு மேசையில் வைத்து, குளிர் முழுக்க விட்ட பிறகுதான் பிரித்தேன்.

சாயம் புதிய தொகுதி. போன மாதம் வந்தபோதே உறுதியான சீவலில் 1:20, 1:40, 1:80, 1:160 என்று நீர்த்துப் பார்த்து, 1:40இல் வலை பளிச்சென்றும் பின்னணி இருட்டாகவும் இருந்ததைப் பதிந்து வைத்திருந்தேன். கம்பனித் தாளில் அச்சடித்த நீர்த்தல் அவர்களின் விளக்குக்கும் அவர்களின் இழையத்துக்கும் உரியது. அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம்., சி3, பைபிரினோஜன் ஆகிய ஐந்தையும் தனித்தனிச் சீவலில் விட்டேன். பெம்பிகஸ் இல்லாவிட்டால், வாயில் புண்ணாக்கும் வேறு நோய்களான பெம்பிகொயிட்டோ லைக்கன் பிளேனஸோ என்று பிரித்தறிய மற்ற நாலும் வேண்டும். மெழுகுப் பேனாவால் வட்டமிட்ட சீவலில் ஒரு துளி. ஈரத் தாள் விரித்த சாப்பாட்டுப் பெட்டிக்குள் முப்பது நிமிடம், இருட்டில். பிறகு மூன்று முறை கழுவி, கிளிசரின் விட்டு, கவர்ஸ்லிப் வைத்தேன்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மங்கல்.

நோயாளியின் ஐ.ஜி.ஜி. ஸ்லைட்டில் கலங்களைச் சுற்றி ஏதோ இருப்பதுபோலும் இல்லாததுபோலும் ஒரு நிழல். தம்பி பக்கத்தில் நின்று பேசாமல் பார்த்தார். இருபது மணி நேரப் பயணம் துண்டைக் கெடுத்துவிட்டது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அந்த எண்ணத்தோடு நின்றிருந்தால் மறுபடியும் 'மதிப்பிட முடியாது' என்று எழுதி, மூன்றாம் வெட்டுக்குச் சொல்லியிருப்பேன்.

உறுதியான ஒப்பீட்டை வைத்துப் பார்த்தேன். போன மாதம் கண்ணைப் பறித்த அதே நோயாளியின் சீவல். அதுவும் மங்கல். அப்படியென்றால் பிழை பஸ்ஸில் வந்த துண்டில் இல்லை, எங்கள் மேசையில் இருக்கிறது.

விளக்கா? பாதரச விளக்கு தேய்ந்தால் எல்லாமே மங்கும். அன்று காலை வேறொரு நோயாளிக்குச் செய்த ஏ.என்.ஏ. (கலக் கருவுக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தேடும் சோதனை) ஸ்லைட் இருந்தது. அதுவும் எப்.ஐ.டி.சி.தான், அதே விளக்கு, அதே வடிகட்டி. வைத்துப் பார்த்தால் பச்சை கொட்டியது. விளக்கும் வடிகட்டியும் குற்றமற்றவை. சாயத் தொகுதி கெட்டதா? போன மாதம் சரி பார்த்தது, 4 பாகையில் இருட்டில் இருந்தது. ஏ.என்.ஏ.க்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தபோது தம்பி சொன்னார்: "அக்கா, ஏ.என்.ஏ.வுக்கு கிட்டோட வந்த கிளிசரின்தானே விட்டோம். இதுக்கு நம்ம போத்தல்."

எங்கள் போத்தலில் 'தாங்கல் கிளிசரின், பி.எச். 9' என்று என் கையெழுத்திலேயே லேபல் இருந்தது. ஒரு துளியைப் பி.எச். தாளில் விட்டேன். 6ஐத்தான் காட்டியது.

போன வாரம் போத்தலை நிரப்பியது நான். மின்சாரம் போயிருந்தது. உறைகுளிர்ப் பெட்டியைப் பார்க்க ஓடிக்கொண்டே, கிளிசரினோடு காபனேற்றுத் தாங்கல் கரைசலைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த காய்ச்சி வடித்த நீரை ஊற்றியிருக்கிறேன். இரண்டும் நிறமற்றவை, ஒரே மாதிரிப் போத்தல். பழைய லேபல் அப்படியே ஒட்டியிருந்தது. புளோரசீன் காரத்தில்தான் நன்றாக ஒளிரும். பி.எச். 7க்குக் கீழே போகப் போக ஒளி விழும், 6.4 அளவுக்கு வந்தால் பாதியாகிவிடும். சாயம் சீவலில் இருக்கிறது, ஒட்டித்தான் இருக்கிறது. ஒளியைத்தான் அமிலம் விழுங்கிவிட்டது.

காபனேற்றுத் தாங்கலைப் புதிதாகக் கலக்கி, பி.எச். மீற்றரில் பார்த்து, கிளிசரினோடு சேர்த்தோம். ஸ்லைட்டுகளைப் பொஸ்பேற் தாங்கலில் நிறுத்திவைத்து, கவர்ஸ்லிப் தானாக நழுவும்வரை காத்திருந்தோம். இழுத்தால் சீவல் கிழியும். மறுபடி கழுவி, புதிய கிளிசரினில் மூடினோம்.

முதலில் உறுதியான ஒப்பீட்டைத்தான் பார்த்தேன். எரிந்தது. பிறகு நோயாளியின் ஐ.ஜி.ஜி.

கீழடுக்கிலிருந்து மேலே வரை ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு. கலத்தின் உள்ளே இருட்டு. பாடநூல்களில் மீன்வலை என்பார்கள். லயத்து வாசலில் கோழிக்கு அடைத்த கம்பிவலை என்று தம்பி சொன்னதுதான் எனக்குப் பொருத்தமாகப் பட்டது, அறுகோணம் அறுகோணமாக. கீழடுக்குகளில் கோடு தடித்தும் மேலே போகப் போக மெலிந்தும் இருந்தது. சி3 அதே இடத்தில், மெலிதாக. ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம்., பைபிரினோஜன் மூன்றும் இல்லை. அடித்தள மென்சவ்வில் கோடு எதுவும் இல்லை. நோயில்லாத சவ்வும் தாங்கல் மட்டும் விட்ட சீவலும் இருட்டு.

எப்.ஐ.டி.சி. வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கிப்போகும் சாயம். பார்த்துக்கொண்டே இருக்க ஆசையாக இருந்தாலும், முதலில் படம் எடுத்தோம். அறிக்கை அன்று பிற்பகலே போனது. முதல் கிளிசரினில் ஏற்பட்ட பிழையையும் ஆய்வுகூடப் பதிவேட்டில் என் பெயரில் எழுதினேன்.

மறைமுக முறை

சீரத்தைக் குரங்கின் உணவுக்குழாய்ச் சீவலில் விட்டுப் பார்க்கும் கிட் வந்துசேர ஐந்து வாரமானது. அதற்குள் மருந்து ஆரம்பித்துவிட்டது, ஆனால் சீரம் மருந்துக்கு முன் எடுத்தது. சீரத்தை 1:160 வரை நீர்த்தபோதும் மேலணிக் கலங்களைச் சுற்றி ஒளிர்ந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. நோயாளி ஓ வகை இரத்தம். ஓ வகைக்காரரின் சீரத்தில் இயல்பாகவே இருக்கும் ஏ, பி எதிரிகள் குரங்கு மேலணியில் ஒட்டி, பெம்பிகஸ் போலவே ஒரு வலையைக் காட்டக்கூடும். அந்த எதிரிகளை உறிஞ்சி நீக்கிவிட்டு மறுபடி செய்தோம், அளவு மாறவில்லை. டி.ஐ.எப். தெளிவாக இருந்திராவிட்டால் இந்த ஒன்றை மட்டும் வைத்து நோயை உறுதி செய்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

பிறகு நடந்தது

மருந்துக்கு முன் மலத்தில் புழுவும் இரத்தத்தில் சீனியும் பார்த்தார்கள். தேயிலை மலையில் மண்ணோடு புழங்குகிறவருக்கு ஸ்ட்ரொங்கிலொயிட்ஸ் புழு இருந்துவிட்டால், பிரெட்னிசோலோன் அதை உடம்பெங்கும் பரவவிடும். பிரெட்னிசோலோனோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசதியோபிரின் சேர்க்கப்பட்டது. ஆறாம் வாரம் புதிய புண் வருவது நின்றது. மூன்றாம் மாதம் கன்னத்து உட்பக்கம் ஆறியிருந்தது, முரசில் மட்டும் மிச்சம். எட்டாம் மாதம் எடுத்த சீரம் 1:20. முகம் வீங்கி, சீனி சற்று ஏறி, அதற்கும் ஒரு குளிசை சேர்ந்தது. கிளினிக் வரும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டதற்குக் காரணம் அதுதான்.

ஒருமுறை அவர் மகனோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது ஏ வாயிங்களா மிஸ்? இவ்வளவு அழகா இருக்கே."

வெற்றிலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். மகன் மேலே கூரையைப் பார்த்தார்.

மாற்றியவையும் மாறாதவையும்

மூன்று வார்டுகளுக்கும் இப்போது நாங்களே போத்தல் நிரப்பி அனுப்புகிறோம். போர்மலினுக்கு வெள்ளை மூடி, சேலைனுக்குப் பச்சை மூடி. பச்சை மூடியில் எடுத்த நேரம் எழுதக் கோடு போட்டிருக்கிறது. மிஷெல் கரைசலை மாதம் ஒருமுறை சிறிதளவு தயாரித்து, பி.எச். பார்த்து வைக்கிறோம். மழைக் காலத்தில் மலைப்பக்கத்துக்கு அதையே கொடுக்கிறோம், சேலைனின் 24 மணி நேரத்தை நம்பி இன்னொருவரை மண்சரிவுக்குள் அனுப்ப எனக்கு மனமில்லை. படிவத்தில் 'புண்ணா, புண்ணுக்குப் பக்கமா' என்ற வரி சேர்ந்திருக்கிறது. அறிக்கையில் 'நெகட்டிவ்', 'மதிப்பிட முடியாது' இரண்டும் தனித்தனிப் பெட்டி. இரண்டாவதைக் குறித்தால் காரணம் எழுதாமல் அறிக்கை அச்சாகாது.

கிளிசரின் போத்தலில் லேபலை இனி யாரும் மீண்டும் பயன்படுத்துவதில்லை. நிரப்பும் ஒவ்வொரு முறையும் பழையதைக் கிழித்து, பி.எச். பார்த்த திகதியோடு புதியது ஒட்ட வேண்டும். உறுதியான ஒப்பீடு மங்கினால் நோயாளியின் ஸ்லைட்டைப் பார்க்கவே கூடாது என்று சுவரில் தம்பி எழுதி ஒட்டியிருக்கிறார். முன்பு நான் நோயாளியின் ஸ்லைட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

நொதி முறையை வாய்ச் சவ்வில் சரிபார்க்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை, அதற்குத் தெரிந்த நோயாளிகளின் துண்டுகள் போதிய அளவு சேர வேண்டும். வார்டுகளில் ஆட்கள் மாறுகிறார்கள். போன மாதம் பச்சை மூடிப் போத்தல் ஒன்று வந்தது, 'டி.ஐ.எப்.' என்ற படிவத்தோடு. திறந்ததும் போர்மலின் வாடை. சேலைன் கொட்டிப்போனதால் வெள்ளை மூடிப் போத்தலிலிருந்து ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். தம்பி தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.